ஆசிரியர் தரும் போட்டோ பிரதியும் பதிப்புரிமையும்

மாணவர்களே, கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து அதன் மேற்பகுதியைப் பாருங்கள். "முழுப் பதிப்புரிமையுடையது" என்று மும்மொழிகளிலும் அச்சிடப்பட்டிருக்கும். அப்படியாயின், கலவான நகரில் ஒரு கடையில் அதனைப் போட்டோ பிரதி எடுத்து வகுப்பில் பகிர்ந்தளிக்கும் ஆசிரியர் சட்டத்தை மீறுகிறாரா? தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் புலமைச் சொத்து பற்றி வினா வந்தால், "அனுமதியின்றிப் பிரதி எடுத்தல் குற்றமாகும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் பலர். அது பாதி விடையே.

இலங்கையில் இதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். ஓர் ஆக்கம் படைக்கப்பட்டவுடனேயே பதிப்புரிமை உண்டாகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. பொதுவாக ஆக்கியோனின் ஆயுட்காலம் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். பாரதியார் 1921இல் மறைந்தார். எனவே அவரது பாடல்களை இன்று எவரும் அச்சிடலாம். நமது மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார். அவரது எழுத்துகளுக்கு 2054ஆம் ஆண்டின் இறுதிவரை பாதுகாப்பு உண்டு.

இந்த உரிமைக்கு ஓர் எல்லையும் இடப்பட்டுள்ளது. 11ஆம் பிரிவு கூறும் "நியாயமான பயன்பாடு" என்பதே அது. விமர்சனம், செய்தி, ஆய்வு ஆகியவற்றோடு கற்பித்தலையும் அது பெயர் குறிப்பிட்டே சேர்த்துள்ளது. வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதும் அதில் அடங்கும். ஒரு பயன்பாடு நியாயமானதா என்று தீர்மானிக்க நான்கு விடயங்கள் பார்க்கப்படும்: அது இலாபத்திற்கா, கல்விக்கா என்னும் நோக்கம், ஆக்கத்தின் தன்மை, எடுத்த பகுதியின் அளவு, அந்நூலின் விற்பனைக்கு ஏற்படும் பாதிப்பு. ஐக்கிய அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறத்தாழ இவையே உள்ளன.

இங்கே ஊன்றிக் கவனியுங்கள். நேருக்கு நேர் கற்பித்தலுக்காகச் சிறு பகுதிகளைப் பிரதி எடுக்க 12ஆம் பிரிவு தரும் அனுமதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இலாபம் கருதாத கல்வி நிறுவனங்களுக்கே உரியது. மூலத்தையும் ஆக்கியோன் பெயரையும் குறிப்பிடவும் வேண்டும். ஆகவே பாடசாலை ஆசிரியர் ஒருவர் இரண்டு பக்கங்களைப் பிரதி செய்து தருவதும், மாதக் கட்டணம் பெறும் பிரத்தியேக வகுப்பு ஆசிரியர் அதே இரண்டு பக்கங்களைத் தருவதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. பின்னவர் 11ஆம் பிரிவின் நான்கு விடயங்களைக் கொண்டே தம் பக்கத்தை நிறுவ வேண்டும். அங்கும் முதலாவது விடயம் அவருக்குச் சாதகமாக இராது. இதை எழுதுபவரும் பிரத்தியேக வகுப்பு நடத்துபவரே. ஆயினும் இந்த வேறுபாடு சரியானது என்றே கருதுகிறேன்.

அயல்நாட்டு வழக்கொன்று இதை நன்கு விளக்கும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி போட்டோகொப்பி என்ற சிறிய கடை, விரிவுரையாளர்கள் தெரிவுசெய்த நூற்பகுதிகளைத் தொகுத்து மாணவருக்கு விற்றது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடர்ந்தன. 2016 செப்டெம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீட்டில், அதே ஆண்டு டிசெம்பரில், கற்பித்தலுக்குத் தேவையான அளவு பிரதி எடுப்பதை இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது என இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்றுக்கொண்டது. கல்வி பெருகினால் காலப்போக்கில் நூல்களுக்கான சந்தையும் விரியும் என்று வாதிடலாம் எனவும் அது குறிப்பிட்டது. சில விடயங்கள் மீள விசாரிக்கப்படவிருந்த நிலையில், 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. அது இந்தியச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பு, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தமிழ் நூல் வாங்க இரத்தினபுரிக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டிய தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாதம் அந்நியமானதல்ல.

முழு நூலையும் பிரதி எடுப்பது வேறு. சொந்தப் படிப்புக்காக ஒரே பிரதி எடுக்கும் மாணவருக்குக்கூட அதற்கு அனுமதியில்லை. வேண்டுமென்றே உரிமையை மீறுவோருக்கு ரூபா 500,000 வரை தண்டப்பணமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பயிற்சி வினா: தோட்டத்து வாசிகசாலையில் கட்டணமின்றி ஞாயிறு வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர், சி.வி. வேலுப்பிள்ளையின் நூலொன்றிலிருந்து மூன்று பக்கங்களை 20 பிரதிகள் எடுத்து, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட்டு வழங்குகிறார். இது நியாயமான பயன்பாடா? நான்கு விடயங்களையும் தனித்தனியே பொருத்திக் காட்டி விடை எழுதுக.