சோடியம் கொடுத்தது, குளோரின் வாங்கியது: அதோடு பிணைப்பு முடிந்துவிட்டதா?

ஆசிரிய நண்பர்களே, படிவம் 4-இல் வேதிப் பிணைப்பு என்றதும் நாம் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2.8.1, குளோரினுக்கு 2.8.7. "சோடியம் சந்தோஷமா ஒண்ணைக் கொடுத்துச்சு, குளோரின் வாங்கிக்கிச்சு, ரெண்டும் ஜோடி சேர்ந்துருச்சு!" பிள்ளைகள் சிரிப்பார்கள், நினைவிலும் வைத்துக்கொள்வார்கள். ஆனால், "உப்பை உருக்க ஏன் 801 பாகை செல்சியஸ் தேவை?" என்று கேட்டுப் பாருங்க. பதில் வராது. கதையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, 'சந்தோஷமா'. வாயு நிலையில் உள்ள 1 மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது கிடைப்பதோ 349 கிலோஜூல்தான். ஆக, 147 நட்டம்! இந்த நட்டத்தை ஈடுகட்டுவது அடுத்த படி. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஈர்க்கப்பட்டுப் படிகமாக அடுங்கும்போது ஏறக்குறைய 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. கொடுக்கல் வாங்கல் அயனிகளை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். பிணைப்பு என்பது அந்த ஈர்ப்பு.

இரண்டாவது, 'ஜோடி'. படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியம் அயனிகள். யார் யாரிடம் வாங்கியது என்ற கேள்விக்கே இடமில்லை. உப்பின் வாய்பாடு 1:1 விகிதத்தைக் காட்டுகிறது, தனி மூலக்கூறை அல்ல. உருக வேண்டுமானால் எல்லாப் பக்கத்து ஈர்ப்பும் தளர வேண்டும். அதனால்தான் அவ்வளவு வெப்பம்.

நீரில் கதை வேறு. அங்கே ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜன்களும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அது உண்மையான மூலக்கூறு. கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், உள்ளிருக்கும் பிணைப்பு அறுபடாது.

வகுப்பில் செய்து காட்ட: 9 வோல்ட் பேட்டரி, மின்தடையுடன் ஓர் எல்.இ.டி. விளக்கு, காய்ச்சி வடித்த நீர். காய்ந்த உப்பு, சீனிக் கரைசல், உப்புக் கரைசல் என வரிசையாகச் சோதியுங்கள். கடைசியில் மட்டுமே விளக்கு எரியும். அங்கேதான் அயனிகள் நகர முடிகிறது. சிறிது குளோரின் வாயு வரலாம். சில வினாடிகளில் நிறுத்திவிடுங்கள், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

அடுத்த முறை வெண்பலகையில் அம்புக்குறி போட்டதோடு நிறுத்திடாதீங்க. பக்கத்திலேயே கூட்டல், கழித்தல் குறிகளை மாற்றி மாற்றி நாலு வரிசை வரையுங்கள். நடுவில் உள்ள ஒன்றைச் சுற்றி நான்கு தெரியும். "மீதி இரண்டு எங்கே?" என்று கேளுங்கள். "மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு" என்று ஒரு பிள்ளை சொன்னால், பாடம் புரிந்துவிட்டது.