பிடிக்குள் மறைந்த பெயர்

பழைய ஜப்பானிய வாளை மதிப்பிடும் நிபுணர்கள் அதன் பிடியைக் கழற்றியே பார்ப்பர். பிடிக்குள் மறையும் அடிப்பகுதியிலேதான் கொல்லன் தன் பெயரைப் பொறித்திருப்பான். அங்குள்ள துருவை எவரும் அகற்றலாகாது. நூற்றாண்டுகளாய்ப் படிந்த அக்கருமையே வாளின் வயதுக்குச் சாட்சி. ஆர்வமிகுதியால் அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வாளின் மதிப்பையே கெடுத்துக்கொண்டோர் உண்டு, அன்பர்களே!

டோக்கியோவில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் சான்றிதழ் வழங்கிவருகிறது. பெயர் பொறிக்கப்படாத வாளுக்கும் அது கிட்டும். எஃகின் தன்மையையும், கூர்விளிம்பையொட்டி ஓடும் வெண்கோலத்தையும் கொண்டே, அதனைச் செய்தவர் எம்மரபினர் என அவர்கள் இனங்காண்பர். புகழ்பெற்ற கொல்லனின் பெயரைப் பொய்யாகத் தாங்கிய வாளோ, எத்துணை அழகாயினும், சான்றிதழின்றித் திரும்பும். உரிமையாளர் சிலர் அப்பெயரை அழித்துவிட்டு மீண்டும் கொண்டுவருவர். பெயரற்றதாய் வந்த அதே வாள் அப்போது ஏற்கப்படுவதுமுண்டு.