வெறுங்கையோடு வந்த நற்செய்தி



நமது பங்குகளில் அருட்பணிப் பேரவை கூடும்போதெல்லாம் தவறாது எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. மறைக்கல்வி மாணவருக்கு விவிலியம் வாங்குவதைப் பற்றிப் பேசினாலும், இளையோருக்கு ஒருநாள் தியானம் ஒழுங்குசெய்வதைப் பற்றிப் பேசினாலும், ஆலயத்தை விட்டு விலகி நிற்கும் குடும்பங்களைச் சந்திப்பதைப் பற்றிப் பேசினாலும், "இதற்குப் பணம் எங்கே?" என்ற வினாவோடு பேச்சு நின்றுவிடுகின்றது. கேள்வி நியாயமானதே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அச்சுத்தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் காத்து நின்றனர். அன்று ஏறிய விலைகளின் சுமையைப் பல குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன. மக்களின் கையில் இல்லாதது ஆலய உண்டியலில் மட்டும் எப்படி இருக்கும்?

ஆயினும், பணம் இல்லாவிட்டால் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்ற முடிவுக்கு நாம் வந்துவிடலாமா? நம் நாட்டுத் திருச்சபையின் வரலாறு இதற்குத் தெளிவான விடையொன்றை வைத்திருக்கின்றது.

எல்லாம் இழந்த ஒரு திருச்சபை

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் பறிபோயின. பாடசாலைகளும், பதவிகளும், அரச வருமானமும், பின்னர் 1737இல் கொழும்பில் இயங்கத் தொடங்கிய அச்சகமும் ஆட்சியாளரின் பக்கமே இருந்தன. கத்தோலிக்கரிடம் எஞ்சியிருந்தவை அவர்களுடைய வீடுகள் மட்டுமே.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர்களோடு தங்கிப் பணியாற்ற ஒரு குருவானவர் இருக்கவில்லை. அந்த நீண்ட காலத்தில் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? செபமாலையின் மறையுண்மைகளைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? பெற்றோரும் பேரன் பேர்த்தியருமே. 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுவழியே சென்று மடுவில் குடியேறினர் என்று நமது மரபு கூறுகின்றது. இன்று நாம் இலட்சக்கணக்கில் கூடும் மடுத் திருத்தலம், சொத்தை விட்டுவிட்டு விசுவாசத்தை எடுத்துச் சென்ற குடும்பங்களிலிருந்து தொடங்கியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கழுத்திலே ஒரு செபமாலை

இந்நிலையிலேதான் 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவாக வந்தால் பிடிபடுவார் என்பதால் கூலியாளின் கோலத்தில் வந்தார். யோவான் என்னும் உதவியாளர் ஒருவரே அவருக்குத் துணை. வந்திறங்கியதும் கடும் வயிற்றுளைச்சலால் வீழ்ந்த அவரை, அயலவர் கொடுத்த கஞ்சியே உயிர்பிழைக்க வைத்தது. மறைப்பணியாளர் மக்களுக்குக் கொடுப்பதற்கு முன்னர், மக்களிடமிருந்து கஞ்சி பெற்றுக் குடித்தார் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

உடல் தேறியதும் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சை கேட்பவராக வீடு வீடாகச் சென்றார். அதைக் கண்டு யாருடைய முகம் மலர்கின்றது என்று கவனித்தார். அவ்வாறு ஒவ்வொரு குடும்பமாக இனங்கண்டு, சில்லாலையை மையமாகக் கொண்டு இரவு வேளைகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பின்னர் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1711 சனவரி 16இல் கண்டியிலேயே இறைவனடி சேரும்வரை 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த அவரை, 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

நாடெங்கும் சிதறிக்கிடந்த மக்களை ஒரு குருவால் எவ்வாறு பேண முடிந்தது? ஒவ்வோர் ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அவர் பொறுப்பாக நியமித்தார். குரு இல்லாத வேளையில் செபத்தை நடத்துவதும், பிள்ளைகளுக்கு மறையறிவு புகட்டுவதும், சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும் இந்தப் பொதுநிலையினரின் பணியாயிற்று. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரோ தமிழையும் சிங்களத்தையும் ஆழக் கற்று நூல்கள் இயற்றினார். அவரிடம் அச்சு இயந்திரம் இருக்கவில்லை. பனையோலை இருந்தது, எழுத்தாணி இருந்தது, படியெடுக்கக் கைகள் இருந்தன. தவக்காலத்தில் நமது ஊர் ஆலயங்களில் உருக்கமாக வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் நமக்கு விட்டுச்சென்ற சொத்தாகும்.

சலுகை போனால் போய்விடும் சமயம்

மறுபுறத்தில் நடந்தது என்ன? பதவிக்காகவும் காணி உரிமைக்காகவும் திருமண, பிறப்புப் பதிவுகளுக்காகவும் அரசு சார்ந்த சபையில் பெயர் எழுதிக்கொண்டோர் பலர். 1796இல் ஒல்லாந்தரின் ஆட்சி முடிந்து அந்தச் சலுகைகளும் முடிவடைந்தபோது, அவர்களுள் பெருந்தொகையினர் தத்தம் முன்னைய சமயங்களுக்கே திரும்பினர். பிற சபைச் சகோதரர்களைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கராகியவர்களுள்ளும் சலுகைக்காக வந்தவர்கள் இருந்தார்கள். சலுகையால் வந்த சமயம் சலுகையோடு போய்விடும் என்பது எல்லாச் சபைகளுக்கும் பொதுவான பாடம்.

இந்தப் பாடம் இன்று நமக்கு மிகவும் தேவையானது. உதவிப் பொருளைக் காட்டி மதம் மாற்றுகின்றார்கள் என்ற குற்றச்சாட்டு நமது நாட்டில் அடிக்கடி எழுகின்றது. அதற்கு நாம் கூறக்கூடிய மிகச்சிறந்த பதில் 1697இல் கண்டியிலேயே கூறப்பட்டுவிட்டது. அம்மைநோய் பரவி, உறவினர்களே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, யோசப் வாஸ் அடிகளார் ஆளின்றிக் கிடந்த வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினார். உணவு கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தர் என்றும் கத்தோலிக்கர் என்றும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பதிலாக எதையும் கேட்கவுமில்லை. கையில் பணம் இல்லாத அவரை, விசுவாசத்தை விலைக்கு வாங்க வந்தவர் என்று யாரால் கூற முடியும்?

ஒரு சிறு நாணயத்தின் வலிமை

அப்படியானால் பணமே வேண்டாமா? அப்படியன்று. மறையாசிரியர் பேருந்தில் வரவேண்டும். விவிலியத்தை அச்சிடத் தாள் வேண்டும். பங்குமனையிலும் அடுப்பெரிய வேண்டும். பணம் எவ்வாறு வருகின்றது என்பதே கேள்வி.

பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜரிக்கோ என்ற இளம்பெண், பட்டாலையில் உழைக்கும் ஏழைத் தொழிலாளரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். வாரத்துக்கு ஒரு "சூ", அதாவது ஆகச் சிறிய ஒரு நாணயம். அதனோடு நாள்தோறும் மறைபரப்புக்காக ஒரு செபம். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. பத்துப் பத்துகளுக்கு ஒருவர் பொறுப்பு. பத்து நூறுகளுக்கு மற்றொருவர் பொறுப்பு. இவ்வளவுதான் திட்டம். இதிலிருந்தே 1822இல் விசுவாசப் பரப்புதல் சபை பிறந்து, அமெரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்த மறைப்பணித் தளங்களைத் தாங்கியது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1922இல், அது பாப்பிறை மறைபரப்புச் சபையாக உயர்த்தப்பட்டது. ஒக்டோபர் மாதத்தில் நாம் கொண்டாடும் மறைபரப்பு ஞாயிறின் பின்னணியிலும் அந்தத் தொழிலாளரின் நாணயங்களே இருக்கின்றன. பவுலினோ 1862இல் வறுமையில் இறந்தார். 2022 மே 22இல் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

செல்வந்தர் ஒருவர் கொடுக்கும் பெருந்தொகை ஒரு கட்டடத்தை எழுப்பலாம். ஆயிரம் ஏழைகள் செபத்தோடு கொடுக்கும் நாணயங்களோ ஆயிரம் மறைப்பணியாளரை உருவாக்குகின்றன. ஏனெனில் கொடுத்தவர் ஒவ்வொருவரும் அந்தப் பணியைத் தமது பணியாகக் கருதுகின்றார். காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவர் ஏழைக் கைம்பெண்ணைச் சீடருக்குச் சுட்டிக்காட்டியதும் (மாற்கு 12:41-44), மக்கெதோனியச் சபைகள் தமது கொடிய வறுமையிலும் தாராளமாய் வழங்கியதைப் பவுல் வியந்து எழுதியதும் (2 கொரிந்தியர் 8:1-5) இதனாலேயே. பணப்பையும் உணவும் இன்றிச் செல்லுமாறு இயேசு பன்னிருவரைப் பணித்தார் (லூக்கா 9:3). ஆலய வாயிலில் இருந்த கால் ஊனமுற்றவரிடம், தன்னிடம் வெள்ளியும் பொன்னும் இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்ன பேதுரு, தன்னிடம் இருந்த இயேசுவின் பெயரைக் கொடுத்தார் (திருத்தூதர் பணிகள் 3:6). அந்த மனிதர் எழுந்து நடந்தார்.

நம்மிடம் இருப்பது என்ன?

அன்பான பெற்றோரே! நம்மிடம் இல்லாதவற்றின் பட்டியல் நீண்டது. இருப்பவற்றை எண்ணிப் பார்ப்போம். மாலையில் 15 நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வரும் ஞாயிறின் நற்செய்தியைப் பிள்ளை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். அம்மம்மாவும் அப்பம்மாவும் இருக்கின்றார்கள். இடம்பெயர்ந்த நாட்களில் எந்தச் செபம் தம்மைத் தாங்கியது என்று அவர்கள் சொன்னால், அதற்கு நிகரான மறைக்கல்விப் பாடம் வேறில்லை. தந்தை வெளிநாட்டில் உழைக்கின்றாரா? பிள்ளையின் படிப்பைப் பற்றியும் அனுப்பிய பணத்தைப் பற்றியும் கைத்தொலைபேசியில் பேசும்போதே, பிள்ளையோடு சேர்ந்து ஒரு அருள்நிறை மரியே சொல்ல அவரால் முடியும்.

அன்பியக் குடும்பங்களே! ஐந்து வீடுகளுக்கு ஒரு விவிலியந்தான் உண்டென்றால், அந்த ஐந்து வீடுகளும் ஒரு வீட்டில் கூடுவதற்கு அதுவே நல்ல காரணம். வாரத்துக்கு ஒரு நோயாளியைச் சந்திக்க வாகனம் தேவையில்லை. நடந்துபோகும் தூரத்திலேயே ஒருவர் காத்திருப்பார். பங்குத் திருவிழாவுக்குப் பொறுப்பாக இருப்போர், மின்விளக்குகளுக்கும் வெடிகளுக்கும் ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒன்றை எடுத்து, அவ்வாண்டு உறுதிபூசுதல் பெறும் பிள்ளைகளுக்கு விவிலியம் வாங்கிக் கொடுக்கலாம். திருவிழாவின் சிறப்பு அதனால் குன்றிவிடாது.

இவற்றைச் செய்யாமல் விட்டால் என்ன நேரும்? ஒல்லாந்தர் காலத்துத் தாய்மார் மரண தண்டனைக்கு அஞ்சாமல் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை, எந்தத் தடையும் இல்லாத நாம் கொடுக்காமல் விட்டவர்களாவோம். மூடிய கதவுகளுக்குள் 30 ஆண்டுகள் அணையாமல் காக்கப்பட்ட விளக்கு, கதவுகள் திறந்திருக்கும் நமது காலத்தில் கவனிப்பாரின்றி அணையக்கூடும். அந்த இழப்பை எந்த வெளிநாட்டு நிதியுதவியாலும் ஈடுசெய்ய முடியாது.

எனவே, இந்த வாரம் "பணம் எங்கே?" என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைப்போம். "யாரிடம் செல்வது?" என்று கேட்போம். ஒரு பெயரைத் தெரிந்தெடுங்கள். செபத்தை மறந்துவிட்ட உங்கள் பிள்ளையாக இருக்கலாம். கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட அயலவராக இருக்கலாம். தனித்திருக்கும் முதியவராக இருக்கலாம். அவருக்காக இன்றிரவு செபமாலையின் பத்து மணிகளைச் செபியுங்கள். நாளை அவருடைய வீட்டு வாசலுக்குச் செல்லுங்கள்.

கூலியாளின் கோலத்தில் வந்து எமக்கு விசுவாசத்தின் செல்வத்தைத் தந்த புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.