முதல் டிக்கெட் யாருக்கு?

மாயாஜாலப் படத்தில் பெரிய ஹீரோவைப் போட்டால், முதல் டிக்கெட் வாங்குவது குழந்தை இல்லை ஸார், ரசிகர்!

விஜய் நடித்த 'புலி' 2015 அக்டோபர் 1, வியாழக்கிழமை ரிலீஸ். கடலூரில் அன்றே பார்த்தேன். விஜய் வந்ததும் விசில், பேப்பர் மழை. சித்திரக்குள்ளர்கள் வந்தார்களோ இல்லையோ, பின் ஸீட்டுக்காரர், "என்னடா இது, அம்புலிமாமா கதையா இருக்கு!" என்று அலுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் அக்கா வீடு. அக்கா பையனுக்கு ஏழு வயசு. "புலிக்குப் போலாம் மாமா" என்று நச்சரித்தான். மறுபடியும் தண்டம் அழுதேன். அதே குள்ளர்கள்தான். பயல் ஸீட் மேல் ஏறி நின்று கைதட்டினான்! கொட்டாவி விட்டது டூயட்டில்தான். பெரிய ஹீரோ என்றால் ஸ்ருதி, ஹன்சிகா என்று இரண்டு ஹீரோயின் வேண்டாமா?

அம்மாக்களை இழுக்க ராணியாக ஸ்ரீதேவியே இருந்தார். ஆனால் குடும்பம் கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ரசிகரின் அலுப்பு டீக்கடை வரை வந்துவிட்டது. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

1984-ல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படம். அதில் சாத்தானே சின்னப் பையன், கூட்டாளிகளும் குழந்தைகள். யாருக்குப் படம் என்பதில் குழப்பமே இல்லை.

'புலி' எடுத்த சிம்புதேவனும் லேசுப்பட்டவர் இல்லை. 2006-ல் அவருடைய 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' சக்கைப்போடு போட்டது. அங்கே ராஜா வடிவேலு. அவர் அசடு வழிந்தால் பையனுக்கும் சிரிப்பு, அப்பாவுக்கும் சிரிப்பு. "எங்க தலைவரை எப்படி இப்படிக் காட்டலாம்?" என்று சண்டைக்கு வர ஆளில்லை!