தளிர் தேடிய மாணாக்கர்

தீபாவளிக்கு யோங் பெங் வந்திருந்த பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வீட்டிற்கு வந்தாள். எங்கள் தோட்டப் பள்ளியில் அரிச்சுவடி தொடங்கி, இன்று முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்பவள். முறுக்கை எடுத்தவள் கடிக்கவில்லை. "படிப்பை விட்டுவிடலாமென்று நினைக்கிறேன், ஐயா" என்றாள். மூன்றாம் இயலை மேற்பார்வையாளரிடம் கொடுத்து நான்கு மாதமாயிற்றாம். அறைக்குப் போனால் கூட்டம், கூட்டம் முடிந்தால் வெளியூர்ப் பயணம், அகப்பட்ட ஒருநாளில், "எந்த இயலம்மா?" என்று கேட்டாராம்.

நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை. ஆகவே உ. வே. சாமிநாதையர் பாடம் கேட்ட கதையை அவளுக்குச் சொன்னேன். தமிழாசிரியர்கள் அறிந்த கதைதான். ஆனால் அதில் எத்தனை வேடிக்கை இருக்கிறதென்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஐயர் 1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். வயது பதினாறு. வேங்கடராமன் என்ற பெயர் அங்கே சாமிநாதன் ஆயிற்று. ஆசிரியர் விரும்பியது அப்பெயரையே. ஆய்வுத் தலைப்பைத்தான் இன்றைய மேற்பார்வையாளர்கள் மாற்றுகிறார்கள். அவர் ஆளின் பெயரையே மாற்றினார்! பாடமோ உடனே அவர் வாயிலிருந்து கிடைக்கவில்லை. மூத்த மாணாக்கர் சவேரிநாத பிள்ளையிடம் கேட்கும்படி ஆயிற்று. கடலைத் தேடி வந்தவர் வாய்க்காலில் நின்றார். பிள்ளையின்மீதும் குறை சொல்வதற்கில்லை. புராணங்கள் பாட வேண்டும். வருவோர் போவோரைக் கவனிக்க வேண்டும். போதாக்குறைக்கு வீட்டுத் தோட்டம் வேறு.

அந்தத் தோட்டந்தான் வழி காட்டியது. புதிதாக வைத்த மரங்கள் தளிர்த்திருக்கின்றனவா என்று ஆசிரியர் நாள்தோறும் ஆவலோடு பார்ப்பதை மாணாக்கர் கவனித்தார். விடியுமுன் எழுந்து மரம் மரமாகச் சுற்றி, புதுத் தளிர் எங்கெங்கே என்று குறித்து வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியரின் உள்ளம் குளிர்ந்தது. பிறகு அவரிடமே நேரே பாடம் கேட்கும் பேறும் கிட்டியது. ஐயர் தம் வரலாற்றில் இதற்குத் 'தளிர் ஆராய்ச்சி' என்றே பெயர் சூட்டியிருக்கிறார். பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளில் புகுந்து சிந்தாமணியை மீட்டவரின் முதல் ஆராய்ச்சி, பாருங்கள், மாமரத்திலோ எதிலோ நடந்திருக்கிறது!

இன்னொரு சங்கடமும் வந்தது. தந்தையாரின் விருப்பப்படி, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயர் இசை பயின்றார். பிள்ளைக்குச் செய்தி எட்டியது, பிடிக்கவில்லை. இசையில் புகுந்தால் இலக்கியத்தில் மனம் நில்லாது என்பது அவர் எண்ணம். இசைப் பயிற்சி நின்றது. இரண்டு பேராசிரியர்களிடையே அகப்பட்ட மாணவர் பாடு அன்றும் இதுதான்.

நானும் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒருவகை ஆராய்ச்சி செய்தவனே. பயிற்றுப்பணியைப் பார்வையிட வரும் விரிவுரையாளரின் கார் ஓசையை, செம்மண் சாலையின் திருப்பத்திலேயே அடையாளம் காணக் கற்றிருந்தேன். அவர் இறங்குவதற்குள் படவட்டைகள் சுவரேறிவிடும்.

பிள்ளை 1876-இல் மறைந்தார். ஐயர் அவர் வரலாற்றை 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டபோது எண்பதை நெருங்கியிருந்தார். காத்திருக்க வைத்த ஆசிரியருக்கு, ஐம்பத்தேழு ஆண்டு கழித்து மாணாக்கர் ஒப்படைத்த ஆய்வேடு அது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்கு முன்பே, 1932-இல், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்திருந்தது. மூன்றாம் இயலை யாரும் கேட்கவில்லை.

இதைக் கேட்டு அவள் முகம் சிறிது மலர்ந்தது. "எங்கள் பேராசிரியருக்குத் தோட்டமே இல்லையே, ஐயா! அடுக்குமாடி வீடு" என்றாள்.

"அறையில் ஒரு செடிகூடவா இல்லை?"

சற்று யோசித்தாள். "சன்னலோரம் ஒரு தொட்டி இருக்கிறது. வாடிக் கிடக்கிறது."

"போனதும் முதலில் அதற்குத் தண்ணீர் ஊற்று" என்றேன். அப்போதுதான் முறுக்கைக் கடித்தாள்.