இழுப்பதும் நிறுத்துவதும்: பழைய கெப் வாகனத்தைத் தேர்ந்தெடுத்தல்

வன்னிப் பகுதியில் முன்னாளில் வண்டில் மாடு வாங்கச் சென்றவர்கள் தனியே செல்வதில்லை. மாட்டின் குணமறிந்த முதியவர் ஒருவரை உடனழைத்துச் செல்வார்கள். அவர் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். வண்டிலிற் பூட்டி இழுக்கச் செய்வார். இழுத்த மாடு சொற்கேட்டு நிற்கின்றதா என்றும் பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பின்னரே விலைபேச்சுத் தொடங்கும். இக்காலத்தில் இலட்சக்கணக்கான ரூபாவைக் கொடுத்துப் பழைய கெப் வாகனம் வாங்குவோருள் எத்தனை பேர் இத்துணைப் பொறுமையுடன் ஆராய்கின்றனர்? புதிதாகப் பூசிய வர்ணமும், கழுவித் துடைத்த இருக்கைகளும், உறுமியெழும் இயந்திரத்தின் ஓசையும் அவர்களின் கண்ணையும் காதையும் கவர்ந்துவிடுகின்றன.

கண்டாவளையில் ஒரு குடும்பத்துக்கு இத்தகைய வாகனம் ஏன் வேண்டியிருக்கின்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியை அடுத்து முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்களில் வயல் செய்பவரே வார நாள்களில் கிளிநொச்சியில் அலுவலகப் பணியோ ஆசிரியப் பணியோ பார்ப்பவராக இருத்தல் உண்டு. காலையில் அவர் கடமைக்குச் செல்லவேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லவேண்டும். காலபோக அறுவடை வந்ததும் அதே வாகனம் நெல் மூடைகள் நிறைந்த இழுவைப் பெட்டியை ஆலைக்கு இழுத்துச் செல்லவேண்டும். இரண்டு வாகனங்கள் வைத்திருக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஆதலால் ஒரே வாகனம் இரு தொழில்களையும் செய்ய வேண்டியதாகின்றது.

புதிய வாகனம் வாங்கலாம் என்றால் அதுவும் எளிதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதியை அரசாங்கம் இடைநிறுத்தியது. தனியார் பாவனைக்குரிய வாகனங்கள் மீண்டும் நாட்டுக்குள் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வந்தவற்றின் மீதும் வரிச்சுமை பெரிது. இதனால் இருபது, முப்பது ஆண்டு ஓடிய வாகனங்களும் கைக்குக் கை மாறி நல்ல விலைக்கு விற்பனையாகின. விலை உயர்ந்த பொருளில் குறையை மறைக்கும் முயற்சியும் உயர்ந்திருக்கும் என்பதை வாங்குவோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

வாங்க வருவோர் வழக்கமாகக் கேட்கும் முதற் கேள்வி, "இது எவ்வளவு இழுக்கும்?" என்பதாகும். ஆயின் அதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்வி, "இழுத்துச் செல்லும் சுமையை இது நிறுத்துமா?" என்பதே. டீசல் இயந்திரம் மெல்லச் சுழலும்போதே மிகுந்த முறுக்குவிசையைத் தருவது. ஆதலால் பழைய கெப் வாகனமொன்று இரண்டு தொன் பெட்டியையும் சமதரையில் இழுத்துக் காட்டிவிடும். விற்பவர் அதனைக் காட்டுவார், வாங்குபவரும் மகிழ்வார். வீதியின் குறுக்கே ஒரு மாடு வந்து நிற்கும்போதுதான் உண்மை வெளிப்படும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நெல் மூடை ஒன்று 65 கிலோகிராம் எனக் கொண்டால், இருபது மூடைகள் 1,300 கிலோகிராம் ஆகும். பெட்டியின் எடை 400 கிலோகிராம் எனின், வாகனத்தின் பின்னே தொடர்ந்து வருவது 1,700 கிலோகிராம். பெட்டிக்குத் தனியே பிறேக் இல்லையாயின் இந்த முழு எடையையும் முன்னே செல்லும் வாகனத்தின் பிறேக்கே தாங்கவேண்டும். பிறேக் இல்லாத பெட்டிகளுக்கு ஐரோப்பிய நாடுகள் வைத்துள்ள மேலெல்லை, பெட்டியும் சுமையும் சேர்ந்து 750 கிலோகிராம் மட்டுமே. அந்த அளவைக் கொண்டு நோக்கினால், 400 கிலோகிராம் பெட்டியில் ஐந்து மூடைகளுக்கு மேல் ஏற்றலாகாது. இருபது மூடைகளை ஒரே தடவையில் இழுக்க விரும்புவோர் பெட்டிக்கு பிறேக் பொருத்த வேண்டும். அல்லது பல தடவை செல்லவேண்டும்.

"லாண்ட்மாஸ்டரின் பின்னே இதே பெட்டியில் இதைவிடக் கூடுதலாக ஏற்றியிருக்கின்றோமே" என்று சிலர் வினவக்கூடும். வேறுபாடு வேகத்தில் இருக்கின்றது. லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது. கெப் வாகனமோ 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஓடும் பொருளின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது என்பது பௌதிகவியல் விதி. வேகம் நான்கு மடங்காகும்போது பிறேக் அடக்கவேண்டிய சக்தி பதினாறு மடங்காகின்றது. அன்றியும், லாண்ட்மாஸ்டர்ப் பெட்டிகள் பலவற்றில் அப்பெட்டியின் முன்பக்கத்தில் அமர்ந்து ஓட்டுபவர் காலால் மிதிக்கும் பிறேக் ஒன்று உண்டு. அதே பெட்டியைக் கழற்றிக் கெப் வாகனத்தின் பின்னே கொளுவியதும், அந்த பிறேக்கை மிதிக்க ஆளில்லாமற் போகின்றது. இச்சிறு உண்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சுமையை அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பெட்டியின் மொத்த எடையிற் பத்திலொரு பங்கு கொளுக்கியின் மீது அழுத்துமாறு ஏற்றுதல் நன்று. மூடைகளைப் பின்புறத்திற் குவித்தால் பெட்டியின் முன்பகுதி மேலெழும். வாகனத்தின் பின்சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலிமை குறையும். வேகம் கூடியதும் பெட்டி பாம்புபோல் இருபுறமும் ஆடத்தொடங்கும். அத்தகைய ஆட்டத்தைச் சாரதி அடக்குதல் மிகவும் அரிது.

இனி, எவ்வகை வாகனம் பொருந்தும் என்று நோக்குவோம். ஊர்வழக்கிற் "பட்டா" எனப்படும் சிறிய வாகனம் 2005 இல் இந்தியாவில் டாட்டா ஏஸ் என்னும் பெயரில் வெளிவந்தது. அதன் தொடக்க மாதிரியில் இருந்தது இரண்டு சிலிண்டர்களும் 16 குதிரைவலுவும் உடைய சிறு டீசல் இயந்திரம். முக்கால் தொன் சுமையைத் தன் பெட்டியிலேயே சிக்கனமாகக் கொண்டு செல்வதற்கு அது ஏற்றது. பாரமான பெட்டியைப் பின்னே கட்டுவதற்கு ஏற்றதன்று. ஏணிபோன்ற இரும்பு அடிச்சட்டமும், பின்புறத்தில் வில்லுத் தகடுகளும் கொண்ட முழு அளவான கெப் வாகனமே இழுவைக்கு உரியது. 1968 இல் ஜப்பானில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் இவ்வினத்தைச் சேர்ந்தது. ஒற்றை அறையுடையதில் சுமைப்பெட்டி நீளமாக இருக்கும். இரட்டை அறையுடையதிற் பிள்ளைகள் பாதுகாப்பாக அமர்ந்து செல்லலாம். பாடசாலைப் பயணமே நாள்தோறும் நிகழ்வது, நெல்லேற்றம் ஆண்டிற் சில நாள்களே என்றால், இரட்டை அறையே குடும்பத்துக்கு உகந்தது. நான்கு சில்லு இயக்கம் மாரிகாலச் சேற்றில் உதவும். எரிபொருட் செலவையும் பழுதுச் செலவையும் கூட்டவும் செய்யும். வயலுக்குள் இறங்காதவருக்கு அது பெரும்பாலும் வீண் செலவே.

வகையைத் தீர்மானித்த பின் வாகனத்தைப் பார்க்கச் செல்லலாம். பகலிலே, மழையில்லாத வேளையிலே, வாகனத்தைத் திருத்தும் தொழிலறிந்த ஒருவருடன் செல்லவேண்டும். முதலில் குனிந்து அடிச்சட்டத்தைப் பார்க்கவேண்டும். ஆனையிறவுக் கடலேரியின் உப்புக்காற்று இரும்பைத் தின்பது. உப்பு, மீன், உரம் ஆகியவற்றை ஏற்றிய வாகனமாயின் கேடு இன்னும் விரைவாக நிகழும். வில்லுத் தகடுகள் சட்டத்தோடு பொருந்தும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலிக்கும். அடிப்பகுதிக்கு மட்டும் அண்மையிற் கருநிறத் தார் பூசியிருப்பின், அது எதனை மறைக்கின்றது என்று கேட்டல் வேண்டும். இழுவைக் கொளுக்கி அடிச்சட்டத்திலே பூட்டப்பட்டிருக்க வேண்டும். பின்புறத் தாங்கியில் ஒட்டிவைத்த கொளுக்கி எந்நேரமும் பிடுங்கிக்கொண்டு போகலாம்.

வெள்ளத்திற் கிடந்த வாகனத்தையும் இனங்காணப் பழகவேண்டும். 2018 டிசம்பரிற் பெய்த பெருமழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளைப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இத்தகைய வெள்ளங்களில் மூழ்கிய வாகனங்களை எவ்வளவு கழுவினாலும் சில இடங்களிற் சேறு தங்கிவிடும். ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்துப் பார்க்கவேண்டும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும். விளக்குக் கண்ணாடியின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும்.

அடுத்தது இயந்திரம். பார்க்கப் போனதும் முன்மூடியைத் தொட்டு, இயந்திரம் குளிர்ந்திருக்கின்றதா என அறிதல் வேண்டும். முன்கூட்டியே சூடாக்கிய இயந்திரம் தன் நோயை மறைக்கும். நீங்காத நீலப்புகை இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும்; கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுத் தடையையோ காட்டும்; சூடேறிய பின்னரும் வரும் வெண்புகை நீர் உட்புகுவதன் அறிகுறியாகலாம். எண்ணெய் மூடியின் உட்புறம் பாற்கட்டிபோல் இருப்பின் அவ்வாகனத்தை விட்டு விலகுதலே நன்று. கிளச் நிலையை அறிய, கைப்பிறேக்கை இறுக்கி மூன்றாம் கியரில் இட்டு, கிளச்சை மெல்ல விடவேண்டும். இயந்திரம் நின்றுவிட்டால் கிளச் நல்லது. நில்லாமல் இரைந்துகொண்டே இருந்தால் அது வழுக்குகின்றது.

எனினும் இயந்திரக் குறையைக் கண்டு மிகவும் அஞ்சவேண்டியதில்லை. 1990 களில் வடபகுதிக்கு எரிபொருள் வருதல் தடைப்பட்டிருந்த காலத்தில், சிறிது பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டினார்கள். அந்த இயந்திரங்கள் தேய்ந்தன, புகைத்தன, கைத்திறன் மிக்க தொழிலாளர் அவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்தி ஓடச் செய்தனர். இயந்திரத்தைத் திருத்தலாம், மாற்றவும் செய்யலாம். உக்கிய அடிச்சட்டத்தை முன்னிருந்த வலிமைக்குக் கொண்டுவருதல் அரிது. பணத்தை எதற்குக் கொடுப்பது என்று தடுமாறுவோர், சட்டம் உறுதியாகவும் இயந்திரம் சற்றுத் தளர்ந்தும் உள்ள வாகனத்தையே விரும்பவேண்டும்.

பின்னர் ஓட்டிப் பார்த்தல். வெறுமையான வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் சென்று பிறேக்கை உறுதியாக மிதிக்கவேண்டும். வாகனம் ஒருபக்கம் இழுத்தாலோ, மிதி தரைவரை தாழ்ந்தாலோ குறை உண்டு. டயர்களின் வயதையும் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பள்ளம் தேயாதிருப்பினும் முதுமையடைந்த டயர் சுமையுடன் ஓடும்போது வெடிக்கக்கூடும். சுமையில்லாத கெப் வாகனத்தின் பின்புறம் பாரங்குறைந்தது. மழை வீதியில் எளிதாக வழுக்குவது. நாள்தோறும் கடமைக்குச் செல்வோர் இதனை மறத்தலாகாது.

இறுதியாகப் பத்திரங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வாகனத்திற் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். "முழுமையான உரிமையாளர்" என்னும் இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் இருப்பின், கடன் தீர்ந்ததற்கான சான்று பெறாமற் பணம் கொடுத்தலாகாது. கையொப்பமிட்ட மாற்றுப் படிவங்களை மட்டும் கைமாற்றி, பெயர் மாற்றாமலே ஓட்டும் பழக்கம் பரவியுள்ளது. விபத்து நேரின் விற்றவர் வழக்குக்கு அலைவார். வாங்கியவர் தமது உரிமையை நிறுவ முடியாது தவிப்பார். ஆதலால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பெயரைத் தாமதமின்றி மாற்றிக்கொள்ள வேண்டும். இழுவைப் பெட்டிக்கும் பதிவு உண்டா, தமது சாரதி அனுமதிப்பத்திரம் அப்பெட்டியை இழுக்க இடந்தருகின்றதா என்பவற்றையும் விசாரித்தறிதல் கடமையாகும்.

அறுவடைக் காலத்தில் நெல் மூடைகளின் மேல் கூலியாள்களும் சில வேளைகளிற் சிறுவர்களும் அமர்ந்து செல்வதை இவ்வீதிகளிற் காணலாம். அவர்களின் உயிர் முன்னே ஓடும் வாகனத்தின் பிறேக்கிலும், அதனை இணைக்கும் ஒரு கொளுக்கியிலும் தங்கியிருக்கின்றது. சுமையின் மேல் எவரையும் ஏற்றாதிருத்தல் முதற்கடமை. வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அரைநாளைச் செலவிட்டு, அது நிற்கும் ஆற்றலைச் சோதித்துக்கொள்ளுதல் அடுத்த கடமை. அச்சோதனைக்கு விற்பவர் இடந்தர மறுத்தால், விலை எத்துணை மலிவாயினும் அவ்வாகனத்தை விட்டுத் திரும்புதலே அறிவுடைமை.