உஷார்! மாணவர் விசா வேலை விசா அல்ல

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப, ரப்பர் விளையின் ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிவிட்டீர்களா? ஒரு நாள் பொறுங்கள். ஏஜெண்ட் சொன்னதில் ஒரு பேச்சை மட்டும் திரும்ப நினைத்துப் பாருங்கள்: "ஒண்ணும் பயப்படாண்டாம் அண்ணாச்சி. பய அங்க போயி எறங்கட்டும், பார்ட் டைம் வேல பாத்தே லோனை அடைச்சிருவான்." மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று எந்த ஊர் ஆபீஸில் ஏறினாலும் இந்தப் பேச்சு காதில் விழும். குடும்பத்தைக் கவிழ்ப்பதும் இந்தப் பேச்சுதான்.

நாம் ஏன் நம்புகிறோம் என்பதும் தெரிந்ததே. குமரி மாவட்டம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகியது. விசாவுக்குப் பணம் கட்டு, போய்ச் சேர், சம்பளத்தில் கடனை முடி, பிறகு வீட்டைக் கட்டு. இந்தக் கணக்கு இங்கே எத்தனையோ வீடுகளில் சரியாக வந்திருக்கிறது. அதே கணக்கைப் படிக்கப் போகிற பிள்ளைக்கும் போடுகிறோம். ஆனால் பிள்ளை படிக்கப் போகும் நாடுகள் மாணவருக்குத் தருவது படிக்கும் அனுமதி. வேலைக்கு அதில் கறாரான அளவு உண்டு. வகுப்பு நடக்கும் காலத்தில் கனடாவில் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரம் 20. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. மீறினால் விசாவுக்கே ஆபத்து.

கனடாவையே எடுத்துக் கணக்குப் போடுவோம். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 கனடா டாலர். 24 மணி நேரத்துக்கு 422 டாலர். காய்ச்சல், பரீட்சை எதுவும் குறுக்கிடாமல் 52 வாரமும் உழைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 21,965 டாலர், அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால். இனி மறுபக்கம். தனியாக வரும் மாணவர் ஒரு வருடம் அங்கே தங்கிச் சாப்பிட இவ்வளவு பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று கனடா அரசு ஒரு தொகை வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் அது 22,895 டாலர். கல்லூரிக் கட்டணம் இதில் சேராது. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே எட்டாத கூலியில் ஊர்க்கடன் எப்படி அடையும்? விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாமே என்பார் ஏஜெண்ட். பார்க்கலாம், வேலை கிடைத்தால். அந்தப் பணம் அடுத்த வருடக் கட்டணத்துக்குக் காணாது.

அக்கா மகன் 2019-இல் போய் நன்றாகத்தானே இருக்கிறான் என்று தோன்றும். அவன் போனபோது கனடா காட்டச் சொன்ன அந்தத் தொகை 10,000 டாலர். 2024 ஜனவரியில் அதை ஒரே அடியாக 20,635 ஆக்கினார்கள். அவன் கணக்கு உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராது. கடனைப் பொறுத்தவரை, இங்கே வங்கியில் படிப்புக் காலம் முழுக்கத் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். அது உண்மை. ஆனால் பணம் கைமாறிய நாள் முதல் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

பணம் முட்டும்போது பிள்ளை என்ன செய்யும்? கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிற வேலைக்குப் போகும். அங்கே கூலியைப் பாதியாகக் கொடுத்தாலும் புகார் சொல்ல முடியாது. இல்லையென்றால், வகுப்பே இல்லாத கல்லூரியில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு முழுநேரம் வேலை பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அமெரிக்காவில் அப்படி நடந்த ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011-இல் மூடியபோது நம் நாட்டு மாணவர்கள் சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். 2019 ஜனவரியில் நடந்தது இன்னும் பயங்கரம். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று. இணையதளம் இருந்தது, முத்திரை இருந்தது, அங்கீகாரம் இருப்பதாகவும் காட்டியது. வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை. அமெரிக்கக் குடியேற்றத் துறையே விரித்த வலை அது. ஏறக்குறைய 600 பேர் பெயர் பதிந்திருந்தார்கள். முதல் வேட்டையில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள்.

நம் மாநிலத்துப் பிள்ளைக்கே ஒன்று நடந்திருக்கிறது. கடலூர் மாவட்டத்திலிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன மாணவர் பகுதிநேரமாகக் கூரியர் வேலை பார்த்தார். பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்ததாக 2023-இல் கைது செய்தார்கள். தன்னை உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று 2025-இல் அவர் வீட்டுக்குத் தகவல் அனுப்பினார். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத வேலை எதையும் பிள்ளை தொடக் கூடாது. போகும் முன்பே அவனிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

இனி ஏஜெண்ட். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர் அந்தப் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பார்க்கலாம். படிக்க அனுப்புகிறவரை அந்தச் சட்டம் தொடாது. ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் நாலு கொடி இருந்தால் ஆபீஸ் தயார். உங்களிடம் சர்வீஸ் சார்ஜ் வாங்கும் அதே ஆள் கல்லூரியிடம் தலைக்கு இவ்வளவு என்று கமிஷனும் வாங்குகிறார். பிள்ளைக்கு ஏற்ற கல்லூரியையா, கமிஷன் கூடுதலாகத் தரும் கல்லூரியையா, எதை முதலில் காட்டுவார்?

ஜலந்தரில் ஒரு ஏஜெண்ட் போலி அட்மிஷன் கடிதங்களைக் கொடுத்துப் பல மாணவர்களைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டார். போய் இறங்கியதும், அந்தக் கல்லூரியில் இடம் முடிந்துவிட்டது, வேறு கல்லூரியில் சேர்ந்துகொள் என்று சொன்னார். பிள்ளைகளும் சேர்ந்தார்கள், படித்து முடித்தார்கள், வேலைக்கும் போனார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் கடிதமே போலி என்று தெரிந்து, நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. விசா விண்ணப்பம் மாணவரே நிரப்பியதாகப் போயிருந்தது. ஏஜெண்டின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவருக்கு 2024-இல் கனடாவில் மூன்று வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிள்ளைகள் இழந்த வருடங்களை யார் கொடுப்பது?

ஆகவே விண்ணப்பத்துக்குத் தரும் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். கல்லூரியின் முகவரியை நீங்களே தேடி எடுத்து, இந்தக் கடிதம் நீங்கள் கொடுத்ததுதானா என்று எழுதிக் கேளுங்கள். ஏஜெண்ட் தரும் முகவரிக்கு எழுதினால் பதில் எழுதுவதும் அவர் ஆளாக இருக்கலாம். கட்டணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகட்டும். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

மருத்துவம் என்றால் இன்னும் கவனம். நீட் தேறாமல் போய்ப் படித்தால் இங்கே டாக்டராக முடியாது. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அங்கேயே 12 மாதப் பயிற்சி, பாடமொழி ஆங்கிலம், அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்யும் தகுதியும் கிடைக்க வேண்டும். திரும்பி வந்து எழுதும் தேர்வில் 300-க்கு 150 வாங்க வேண்டும். 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே தேறினார்கள்.

பிள்ளை போன பிறகு ஒவ்வொரு போனிலும் "பணம் எப்பம் அனுப்புவ?" என்று கேட்காதீர்கள் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. வீட்டிலிருந்து போகும் அந்தக் கேள்விதான் அவனை வரம்பு மீறிய வேலைக்குத் தள்ளுகிறது. வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறாய், வகுப்புக்குப் போகிறாயா என்று கேளுங்கள். வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் அவன் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சிக்கல் என்று தெரிந்தால் மானம் போகும் என்று மூடி வைக்காமல் அன்றைக்கே தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையைக் கூப்பிடுங்கள்: இங்கிருந்து 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80690 09900. இந்த இரண்டு எண்களையும் பிள்ளை விமானம் ஏறும் முன் அவன் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.